புல்லுக்குக் காப்பீடு: வறட்சிக் குறியீட்டுத் திட்டத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வட கென்யாவின் மார்சபிட் வட்டாரத்தில் 2010 ஜனவரியில் ஒரு கால்நடைக் காப்பீடு விற்பனைக்கு வந்தது. மாடு செத்ததற்கு யாரிடமும் சான்று கேட்காத காப்பீடு. மேய்ச்சல் நிலம் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படத்தில் அளந்து, வறட்சி ஒரு கோட்டைத் தாண்டினால் அந்த வட்டாரத்தில் பாலிசி எடுத்த எல்லோருக்கும் பணம் கொடுப்பது அதன் முறை. நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேசக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், கார்னெல் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து இதை வடிவமைத்தது. முன்னின்று நடத்திய கென்யப் பொருளாதார அறிஞர் ஆண்ட்ரூ மூடேவுக்கு 2016-இல் நார்மன் போர்லாக் பெயரிலான களப்பணி விருது கிடைத்தது.

தொண்டு நிறுவன ஊழியராகவோ, காப்பீட்டுத் துறையிலிருந்தோ, ஆய்வு மாணவராகவோ இந்தத் துறைக்குள் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்றாவது ஒரு நாள் நீங்கள் ஒரு மேய்ச்சல் குடும்பத்தின் முன் உட்கார்ந்து, "இதை எடுக்கலாமா, வேண்டாமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். ஓர் ஆட்டை விற்ற காசை உங்கள் சொல்லை நம்பி அவர்கள் கட்டுவார்கள். அதற்குமுன் நீங்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை, களத்தில் தேவைப்படும் வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: எதற்குக் காப்பீடு என்பதை முதலில் நேராகச் சொல்லுங்கள்

நம்மூர் மாட்டுக் காப்பீட்டை எல்லோரும் பார்த்திருப்போம். மாட்டின் காதில் எண் போட்ட தோடு மாட்டுவார்கள். மாடு இறந்தால் கால்நடை மருத்துவர் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும். தோடு இல்லையென்றால் இழப்பீடு இல்லை. கட்டுத்தறியில் இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு இது பொருந்தும். சல்பி பாலைவனத்தின் ஓரத்தில் ஒட்டகமும் ஆடுமாக, தண்ணீர் இருக்கும் திசை பார்த்து நடந்துகொண்டே இருக்கும், கப்ரா என்ற மேய்ச்சல் இனத்தின் குடும்பம் ஒன்றுக்கு எப்படிப் பொருந்தும்? சாலையே இல்லாத இடத்தில் செத்த ஆட்டைப் பார்க்க ஆள் அனுப்பும் செலவு, ஆட்டின் விலையைவிட அதிகம். அதனால்தான் நெடுங்காலம் இந்த மக்களிடம் எந்தக் காப்பீட்டு நிறுவனமும் வரவில்லை.

நிலத்தின் நிலையை ஓர் எண்ணாக, அதாவது குறியீடாக, அளந்து பணம் தருவது குறியீட்டுக் காப்பீடு. அது அந்தச் சிக்கலைத் தாண்டும் வழி, விலங்கை விட்டுவிட்டுப் புல்லைப் பார்ப்பது. வறட்சியில் கால்நடை சாவதற்குப் பெருங்காரணம் தீவனம் இல்லாமை. தீவனத்தை வானிலிருந்து அளக்கலாம். அளவு எல்லோருக்கும் பொது என்பதால் யாரும் ஏமாற்ற வழியில்லை. மந்தையை நன்றாகப் பார்த்துக்கொண்டு ஒன்றைக்கூட இழக்காதவருக்கும் பணம் உண்டு. ஆகவே நல்ல மேய்ப்பராக இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை.

இதன் மறுபக்கத்தையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். நோய், சிங்கமோ கழுதைப்புலியோ அடித்தது, கால்நடைக் கொள்ளை, வெள்ளம் இவற்றுக்கு இதில் ஒரு ஷில்லிங்கும் வராது. "கால்நடைக் காப்பீடு" என்ற பெயரைக் கேட்டதும் இவையெல்லாம் அடங்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். பின்னால் வரும் பெரும்பாலான மனத்தாங்கல்கள் இந்த இடத்தில்தான் முளைக்கின்றன.

படி 2: குடும்பம் எந்த வட்டத்தில் சேரும் என்று பாருங்கள்

ஒவ்வொரு மாவட்டமும் காப்பீட்டு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு வட்டத்துக்கு ஒரு குறியீடு, ஒரே முடிவு. தொடக்க காலத்தில் மார்சபிட்டில் மைக்கோனா, நார்த் ஹோர், லாயிசாமிஸ், லோயங்கலானி, மலையடிவாரத்து மத்தியப் பகுதி என்று வட்டங்கள் இருந்தன. வறட்சி அடிக்கடி வரும் வடக்கு வட்டங்களுக்குப் பிரீமியம் அதிகம், மற்றவற்றுக்குக் குறைவு.

குடும்பம் எங்கே வசிக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். மழைப் பருவத்தில் மந்தை எங்கே மேய்கிறது, வறட்சி முற்றினால் எந்தப் பக்கம் ஓட்டுவார்கள் என்றும் கேளுங்கள். முதியவர்களும் குழந்தைகளும் கறவை ஆடுகளும் ஊரோடு இருக்க, இளைஞர்கள் ஒட்டகத்தையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு வெகுதூரம் போவது அங்கே வழக்கம். பாலிசியில் எழுதிய வட்டத்தின் புல்லை வைத்துத்தான் கணக்கு. மந்தை வேறு வட்டத்தில் நின்றாலும் அது மாறாது.

படி 3: மந்தையை அலகாக மாற்றுங்கள்

ஒட்டகம், மாடு, ஆடு எல்லாவற்றையும் ஒரே அளவில் கொண்டுவர "வெப்பமண்டலக் கால்நடை அலகு" என்ற கணக்கு உண்டு. ஒரு மாடு 1 அலகு. ஓர் ஒட்டகம் 1.4 அலகு. பத்து ஆடுகள், வெள்ளாடோ செம்மறியோ, 1 அலகு.

மூன்று ஒட்டகம், நான்கு மாடு, பதினெட்டு ஆடு உள்ள குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒட்டகம் 4.2, மாடு 4, ஆடு 1.8. மொத்தம் 10 அலகு. எல்லாவற்றுக்கும் எடுக்க வேண்டிய கட்டாயமில்லை. எவ்வளவுக்கு எடுப்பது என்பதைக் குடும்பம் முடிவு செய்யட்டும். எந்த விலங்கை இழந்தால் வீடே எழ முடியாது என்று கேட்டால், பேச்சு தானாகச் சரியான எண்ணிக்கைக்கு வந்து சேரும். இந்தப் பேச்சில் பெண்களும் இருக்க வேண்டும். பாலும் ஆடும் பெரும்பாலும் அவர்கள் பார்வையில் இருப்பவை.

படி 4: பசுமைக் குறியீட்டை நீங்கள் முழுதாகப் புரிந்துகொள்ளுங்கள்

பச்சை இலை, ஒளியில் உள்ள சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். காய்ந்த புல்லும் வெறும் மண்ணும் அப்படிச் செய்வதில்லை. இரண்டு கதிர்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருகிற எண்தான் பசுமைக் குறியீடு. மோடிஸ் போன்ற செயற்கைக்கோள் கருவிகள் 250 மீட்டர் அளவுள்ள கட்டம் கட்டமாக இதை அளக்கின்றன. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு படம் என்று தொகுத்து, பருவம் முழுதுக்கும் கூட்டி, வட்டத்துக்கு ஓர் எண்ணாக ஆக்குகிறார்கள்.

அந்த எண் தனியாக எதையும் சொல்லாது. அதே வட்டத்தின் அதே பருவம், 2000-களின் தொடக்கத்திலிருந்து ஒவ்வோர் ஆண்டும் எப்படி இருந்தது என்பதோடு வைத்துப் பார்க்க வேண்டும். பழைய பருவங்களை மிக மோசமானதிலிருந்து மிக நல்லது வரை வரிசைப்படுத்தி, இந்தப் பருவம் அதில் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார்கள். மோசமான ஐந்தில் ஒரு பங்குக்குள், அதாவது நூறு பங்கில் மிக மோசமான இருபதுக்குள் விழுந்தால் பணம் தொடங்கும் என்பது பொதுவான ஏற்பாடு. வறண்ட வட்டம் தன் பழைய நாட்களோடுதான் ஒப்பிடப்படும், பச்சையான மார்சபிட் மலையோடு ஒருபோதும் இல்லை. "எங்கள் ஊரில் எப்போதுமே புல் இல்லையே, எங்களுக்கு ஏன் எப்போதும் பணம் வருவதில்லை?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கான பதில் இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது.

விளக்கும்போது படமும் சதவீதமும் காட்டத் தொடங்காதீர்கள். போரனா, கப்ரா மக்கள் ஆண்டுகளுக்குப் பெயர் வைத்து நினைவில் வைத்திருப்பவர்கள். எந்த ஆண்டு எந்தக் கிணறு வற்றியது, எந்த ஆண்டு ஒட்டகமே செத்தது என்று முதியவர்கள் சொல்வார்கள். ஆண்டுக்கு ஒரு கல் என்று வைத்து, மோசமானதிலிருந்து நல்லது வரை அவர்களையே அடுக்கச் சொல்லுங்கள். மோசமான ஐந்தில் ஒரு பங்குக் கற்கள் முடியும் இடத்தில் ஒரு குச்சியை வையுங்கள். குச்சிக்கு மோசமான பக்கம் விழுந்தால் பணம், நல்ல பக்கம் என்றால் இல்லை. அதன்பிறகு செயற்கைக்கோள் கணக்கின் வரிசையைப் பக்கத்தில் வைத்து, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். ஒத்துப்போகாத ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வட்டத்தில் இந்தக் காப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

படி 5: காசுக் கணக்கை அவர்கள் கண்முன் போடுங்கள்

கென்ய அரசு 2015 அக்டோபரில் தொடங்கிய கால்நடைக் காப்பீட்டுத் திட்டத்தில், ஓர் அலகை ஓராண்டு உயிரோடு காப்பதற்கான செலவாக 14,000 ஷில்லிங் வைக்கப்பட்டது. தீவனம், தண்ணீர், மருந்து எல்லாம் சேர்த்து. கீழே உள்ள மற்ற எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் ஒப்பந்தத்தில் உள்ளதை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

மழைப் பருவம் இரண்டு: மார்ச்சில் தொடங்கும் நீள்மழை, அக்டோபரில் தொடங்கும் குறுமழை. 14,000-ஐ இரண்டாகப் பிரித்தால் பருவத்துக்கு 7,000. படி 4-இல் சொன்ன நூறு பங்கு வரிசையில் பணம் தொடங்கும் கோடு 20, முழுப்பணம் கிடைக்கும் கோடு 5 என்று வைப்போம். இந்தப் பருவத்தின் குறியீடு 11-இல் விழுந்தது. இருபதிலிருந்து ஒன்பது படி கீழே. மொத்தப் படி பதினைந்து. ஆக 60 சதவீதம். ஓர் அலகுக்கு 4,200 ஷில்லிங். அந்தக் குடும்பம் 5 அலகுக்கு எடுத்திருந்தால் 21,000.

இனிப் பிரீமியம். 15 சதவீதம் என்றால் ஓர் அலகுக்கு ஆண்டுக்கு 2,100, ஐந்து அலகுக்கு 10,500. பாதியை மானியமாக அரசு ஏற்றால் 5,250. இவ்வளவா என்று மலைப்பு வரும். ஐந்து பருவத்துக்கு ஒரு முறை ஏதோ ஒரு தொகை கொடுக்கும் காப்பீடு மலிவாக இருக்க முடியாது என்பதுதான் உண்மை. குறியீடு 19-இல் நின்றால் கைக்கு வருவது மிகச் சிறிய தொகை என்பதையும் ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுங்கள். பெரிய தொகை வரும் உதாரணத்தை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வருவது நேர்மையாகாது.

பணம் வராத ஆண்டில் கட்டியது திரும்பாது. இது சேமிப்பு கிடையாது என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லுங்கள்.

படி 6: விற்பனைக் காலத்தைத் தவறவிடாதீர்கள்

மழைக்கு முன் மட்டும்தான் விற்பனை: ஜனவரி–பிப்ரவரி, ஆகஸ்ட்–செப்டம்பர். பாலிசி ஓராண்டுக்கு, இரண்டு பருவங்களுக்கும் செல்லும். ஆடு அறுத்துக் குடலைப் பார்த்து வரப்போகும் மழையைச் சொல்கிறவர்கள் அங்கே உண்டு. வானிலைத் துறையின் முன்னறிவிப்பும் உண்டு. மழை பொய்க்கும் என்று தெரிந்தபின் வாங்கலாம் என்றால் கெட்ட ஆண்டில் மட்டும் எல்லோரும் வாங்குவார்கள், நிதி நிற்காது. எனவே மழை தொடங்குமுன் கதவு மூடப்படும். வசூல் செய்யும் முகவர் அந்த வாரங்களில் சந்தை நாளன்று ஊரில் இருப்பாரா என்பதை முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். மேய்ச்சல்காரர் கையில் காசு புரளும் நாள் அதுதான்.

கென்யாவின் வஜீர், மண்டேரா போன்ற சோமாலி முஸ்லிம் பகுதிகளுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வழக்கமான காப்பீட்டில் வட்டியும் சூதும் கலந்திருக்கிறது என்பது அங்கே பலரின் மார்க்கக் கவலை. அதை மதித்து, உறுப்பினர்கள் பொது நிதிக்கு நன்கொடையாகக் கட்டி, கெட்ட காலத்தில் அதிலிருந்து பெறும் "தகாஃபுல்" முறையில் ஒரு திட்டம் வந்தது. வஜீரில் 2014 மார்ச்சில் அதன் முதல் தொகை வழங்கப்பட்டது. அந்தப் பகுதியில் உள்ளூர் மார்க்க அறிஞர்களோடு பேசாமல் கூட்டம் போடாதீர்கள்.

படி 7: எங்கே பொய்க்கும் என்பதை விற்பதற்கு முன்பே சொல்லுங்கள்

குறியீட்டுக் காப்பீட்டின் பெரிய குறை இது: மந்தை செத்துக்கொண்டிருக்கும், குறியீடு நிலம் பரவாயில்லை என்று சொல்லும். எதிர்மாறாகவும் நடக்கும். ஆனால் வாங்கியவரை உடைப்பது முதல் வகை. ஏன் நடக்கிறது?

மழை திட்டுத்திட்டாகப் பெய்யும். வட்டத்தின் ஒரு மூலையில் நல்ல மழை பெய்து மற்ற மூலை காய்ந்தால், சராசரி நடுவில் நிற்கும்.

பச்சையெல்லாம் தீவனம் என்று சொல்லிவிட முடியாது. நமக்கு நன்றாகத் தெரிந்த சீமைக்கருவேலம் கென்யாவின் துர்கானா, கரிசா, தானா ரிவர் பகுதிகளிலும் பரவிக் கிடக்கிறது. அங்கே அதை "மத்தெங்கே" என்கிறார்கள். இராமநாதபுரத்துக் கோடையில் எல்லாம் கருகியபின்னும் அது எப்படிப் பச்சையாக நிற்கும் என்பது நாம் பார்த்ததுதான். அது புல்லா முள்மரமா என்று குறியீட்டு எண்ணுக்குத் தெரியாது. ஒரு வட்டத்தில் இது அதிகமாக இருந்தால், கணக்கு போடுகிறவர்கள் அந்த இடங்களை விலக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

மூன்றாவதுதான் மிகக் கொடியது. குறியீடு ஒவ்வொரு பருவத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறது. மந்தையின் உடம்போ முந்தைய பருவத்தின் பட்டினியையும் சுமந்து வருகிறது. 2020 இறுதியிலிருந்து 2022 இறுதிவரை ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதியில் ஐந்து மழைப் பருவங்கள் தொடர்ந்து பொய்த்தன. கென்யாவில் மட்டும் இருபது லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் செத்தன. அப்படிப்பட்ட தொடர்ச்சியில், நாலாவது பருவம் "சுமாராக மோசம்" என்று கோட்டுக்குச் சற்று மேலே நின்றாலும், எலும்பும் தோலுமாக இருக்கும் மாடு அதில் விழுந்துவிடும். வறட்சி முடிந்து வருகிற முதல் மழையின் குளிரில்கூட மெலிந்த ஆடுகள் கூட்டமாகச் சாகும். அந்த நேரம் பார்த்து நிலம் பச்சை என்று செயற்கைக்கோள் சொல்லும்.

இவற்றையெல்லாம் சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று மேலதிகாரி சொல்லக்கூடும். சொல்லாமல் விற்றால் ஒரு பருவம்தான் விற்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

படி 8: பணம் எப்போது வரும், எதற்குச் செலவிடுவது

முதலில் வந்த ஒப்பந்தங்கள், கால்நடைச் சாவு எத்தனை சதவீதம் இருக்கும் என்று புல்லைக் கொண்டு மதிப்பிட்டு, 15 சதவீதத்தைத் தாண்டினால் வறள்பருவத்தின் முடிவில் பணம் கொடுத்தன. 2011-இன் கடும் வறட்சிக்கு மார்சபிட்டில் அக்டோபரில் பணம் வந்தது. செத்தவற்றுக்குப் பதில் புதிதாக வாங்க அது உதவும். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்கப் போனால் கால்நடை விலை ஏறிவிடும். பிறகு வடிவமைப்பை மாற்றினார்கள்: மழைப் பருவம் முடிந்து, புல் முளைக்கவில்லை என்று தெரிந்த உடனே பணம். சாவதற்கு முன்பே காப்பாற்ற. எனக்கு இந்த மாற்றம்தான் இத்திட்டத்தின் உயிர்நாடியாகத் தெரிகிறது. உங்கள் கையில் உள்ள ஒப்பந்தம் இதில் எந்த வகை என்பதை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

பணம் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை வழியாகக் கைப்பேசிக்கோ வங்கிக் கணக்குக்கோ வரும். பதிவு செய்த எண் யாருடையது, இப்போதும் இயங்குகிறதா என்று ஒவ்வொரு பருவமும் சரிபாருங்கள். பணம் வந்ததும் பக்கத்துச் சந்தையில் வைக்கோல் கிடைக்குமா, தண்ணீர் லாரி வருமா, மருந்து யாரிடம் உண்டு என்று முன்பே விசாரித்து வைக்க வேண்டியது உங்கள் வேலை. தீவனமே இல்லாத ஊரில் தீவனக் காசால் பயனில்லை. அங்கே மெலிந்தவற்றில் சிலவற்றை விலை விழுமுன் விற்று, அந்தக் காசையும் இழப்பீட்டையும் சேர்த்துச் சினை மாட்டையும் கறவை ஒட்டகத்தையும் காப்பாற்றலாம்.

குழந்தைகளின் சாப்பாட்டுக்கு அந்தப் பணம் போனால் திட்டம் தோற்றது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். மார்சபிட்டில் நடந்த ஆய்வில், ஓரளவு வசதியுள்ள குடும்பங்கள் வறட்சியில் விற்கும் கால்நடைகள் குறைந்ததும், ஏழைக் குடும்பங்கள் வேளைச் சாப்பாட்டைக் குறைப்பது தணிந்ததும் தெரியவந்தது. இரண்டும் தேவைதான்.

படி 9: பிரீமியத்தை யார் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள்

கென்ய அரசின் திட்டம் துர்கானாவிலும் வஜீரிலும் தொடங்கி எட்டு மாவட்டங்களுக்கு விரிந்தது. தேர்ந்தெடுத்த ஏழைக் குடும்பங்களுக்கு 5 அலகு வரை முழுப் பிரீமியத்தையும் அரசே கட்டியது. 2017 பிப்ரவரியில் 12,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 21 கோடி ஷில்லிங்குக்கு மேல் வழங்கப்பட்டது. எத்தியோப்பியாவின் சோமாலிப் பகுதியில் உலக உணவுத் திட்டம் 2018-இல் தொடங்கியதில், மக்கள் பொதுப்பணி செய்து பிரீமியத்தை ஈடுகட்டினார்கள். உலக வங்கி 2022-இல் ஒப்புதல் தந்த திட்டமொன்று கென்யா, எத்தியோப்பியா, சோமாலியா, ஜிபூட்டி நான்கையும் சேர்த்து மானியம் தருகிறது. மானியம் எத்தனை ஆண்டு நிற்கும், நின்றபின் விலை என்னவாகும் என்ற விவரத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

போரனா மக்களிடம் "பூசா கொனோஃபா" என்ற வழக்கம் இருக்கிறது. மந்தையை இழந்தவருக்குக் குலத்தார் ஆளுக்கொரு விலங்கு கொடுத்து மீண்டும் நிற்க வைப்பார்கள். காப்பீடு வந்துவிட்டது, இனி அது எதற்கு என்ற பேச்சு உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. நோய்க்கும் கொள்ளைக்கும் அதுதான் துணை. ஒரே வறட்சியில் குலம் முழுதும் மந்தையை இழக்கும்போது கொடுக்க யாரிடமும் விலங்கு இருக்காது; அந்த இடைவெளியில் வெளியிலிருந்து வரும் பணமாகவே இந்தக் காப்பீட்டை முன்வையுங்கள்.

படி 10: பருவம் முடிந்ததும் திரும்பிப் போங்கள்

பணம் வந்த வட்டத்துக்கு எல்லோரும் போவார்கள். வராத வட்டத்துக்குப் போகிறவர் அரிது. அங்கேதான் நீங்கள் முதலில் போக வேண்டும். கையில் மூன்று தாள்கள் இருக்கட்டும்: அந்தப் பருவத்தின் குறியீட்டு எண், பணம் தொடங்கும் கோடு, முந்தைய ஆண்டுகளின் வரிசை. மந்தை உண்மையில் செத்திருந்தால் எத்தனை, எப்போது, எந்த இடத்தில், எதனால் என்று எழுதிக்கொண்டு, அதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் குறியீட்டைக் கணிப்பவர்களுக்கும் அனுப்புங்கள். வட்டத்தின் எல்லையைத் திருத்தவும் கோட்டை மாற்றவும் இந்தக் குறிப்புகள்தான் ஆதாரம். அனுப்பியதற்கு என்ன பதில் வந்தது என்பதை, அடுத்த விற்பனைக் காலம் திறக்குமுன் அதே மரத்தடியில் அதே ஆட்களிடம் போய்ச் சொல்லுங்கள். பதில் வரவில்லை என்றால், வரவில்லை என்பதையும்.